ஏழு முள்ளங்கிகளின் பாட்டு

ஐந்தாவது முள்ளங்கி தாமதமாக மூச்சு வாங்கியது.

ஒலிப்பதிவாளர் சேரின், பாட்டை நிறுத்தி ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கொரியாவின் பூச்சோன் நகரில் அந்த ஜன்னலில்லாத ஒலிப்பதிவு அறையில் ஏசியின் முனகலும், மதியம் தின்ற கிம்பாப் சோற்றுருளையின் நல்லெண்ணெய் வாசனையும் வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. திரையில், கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குள் ஏழு கார்ட்டூன் முள்ளங்கிகள் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றன. சின்னப் பிள்ளைகளுக்கான தொடர் அது. வாரம் ஒரு பாட்டு.

வழக்கமாகப் பாடும் சிறுமிக்கு வாய்ப்புண். அதே தொற்று பரவியதில் சேரினின் மகள் போமியின் பள்ளியையும் மூடிவிட்டார்கள். வேறு வழி? ஐந்து வயதுப் போமியைக் கையோடு கூட்டிவந்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மைக் முன்னால் நிறுத்தி, காலையில் ஒரே ஒருமுறை பாடவைத்தாள். ஏழு முறை பாடவைக்க நேரமில்லை. அந்தக் குரலையே ஆறு பிரதி எடுத்து அடுக்கிவிட்டாள். அவசரத்தில் பெயர்கூட மாற்றவில்லை. திரையின் ஏழு ஒலி வரிசையிலும் ‘போமி’ என்றே இருந்தது.

பிரதி எப்படித் தனியாக மூச்சு வாங்கும்?

தொடரின் இயக்குநர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்ன சேரின், முள்ளங்கி இன்னும் வேகலையா? அஞ்சு மணிக்கு சேனலுக்கு அனுப்பணும்மா."

"அரை மணி நேரம் சார்."

"உன் பொண்ணு தங்கம்மா. பாடி முடிச்சதுலேருந்து ஒரு சத்தம் இல்ல பாரு."

கதவு மூடியது. சேரின் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். தூக்கத்தில்கூட வாய் ஓயாத பிள்ளை போமி. கண்ணாடிக்கு அப்பால் காலாட்டியபடி பழச்சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

சேரின் தன் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். "போமி, அம்மாகிட்ட ஏதாவது பேசுடா செல்லம்."

பிள்ளையின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

ஹெட்போனில் வந்தது.

"அம்மா, இங்க இருட்டா இருக்கு."

பாட்டு ஓடவில்லை. ஆனாலும் ஐந்தாவது வரிசையில் பச்சை விளக்கு துள்ளியது. அடுத்து இரண்டாவது. அடுத்து ஏழாவது.

"நான்தாம்மா போமி."

"இல்லம்மா, அவ பொய் சொல்றா. நான்தான்."

ஆறு பிரதிகளையும் அழித்தால் போதும், குரல் பிள்ளையிடம் திரும்பிவிடும். எப்படியோ அது நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் அசல் எது?

"அம்மா வீட்ல உன்னை என்னன்னு கூப்பிடுவேன்?"

"சோளக்குட்டி!" ஆறு குரல்கள். மூன்றாவது முந்திக்கொண்டது. ஐந்தாவது பதில் சொல்லாமல் விசும்பி விசும்பி அழுதது.

தெரியவில்லை அதற்கு. தெரிந்தால் சொல்லாதா?

அழிக்க முதலில் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தாள். நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஆம். அழுகை பாதியில் அறுந்தது. பிறகு ஒன்று. இரண்டு. நான்கு. ஆறு. ஏழு. ஒவ்வொன்றும் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

முந்திப் பதில் சொன்ன மூன்றாவது மட்டும் மிச்சம்.



கண்ணாடிக்கு அப்பால் பிள்ளை பழச்சாறைக் கீழே வைத்தது. எழுந்தது. நடந்து வந்து கண்ணாடியில் இரு உள்ளங்கைகளையும் பதித்தது. கன்னத்தில் குழி விழச் சிரித்தது. தொண்டையிலிருந்து, கணீரென்று, போமியின் குரல்.

"ஆன்ட்டி, போமி ஏன் அழுதா?"