மூன்று கண்களில் கழன்ற சவ்வு

பிற்பகல் மூன்று நாற்பது. கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கண்ணில் காலையில் ஆபரேஷனில் ஒட்டிய கருவிழிச் சவ்வு கழன்று மிதந்தது. அவருக்கு இருந்ததே அந்த ஒரு கண்தான்.

"மூணாவது கேஸு இது அக்கா!" சின்ன டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுத் தலைமை நர்ஸைப் பார்த்தார். "காலையில பத்தரைக்குப் பார்த்தப்ப நல்லா ஒட்டியிருந்துச்சு."

விழித்திரை வார்டின் தலைமை நர்ஸுக்கு 'போலீசக்கா' என்று பட்டப்பெயர். ஒரு தெர்மாமீட்டர் தொலைந்தாலும் ஆளைப் பிடிக்காமல் சோறு இறங்காது அவளுக்கு.

முன்பு விழித்திரை ஆபரேஷன் ஆன கண்களுக்குக் கருவிழி மாற்ற எந்த முறை தேவலை என்று அங்கே ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் தடித்த சவ்வு வைத்தார். அவருடைய நோயாளிகள் மாடியில் இருந்தார்கள். சின்ன டாக்டர் வைப்பது வெங்காயத் தோல் போன்ற மெல்லிய சவ்வு. பிடித்துக்கொண்டால் பார்வை பளிச்சென்று இருக்கும். மாடியில் இடமில்லாததால் அவருடைய நோயாளிகளை இங்கே போட்டிருந்தார்கள்.

மாடியில் ஒன்றுகூடக் கழலவில்லை. இங்கே மூன்றுக்கு மூன்றும் போச்சு. முதல் இருவருக்குச் சவ்வைத் தாங்கக் கண்ணுக்குள் மறுபடி காற்று ஏற்றியும் பலிக்கவில்லை. ஐந்து மணிக்கு மெல்லிய முறையை நிறுத்திக் கையெழுத்துப் போடப்போகிறார் பெரிய டாக்டர்.

"யாரோ வேணும்னே பண்றாங்க," என்றாள் போலீசக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். கண்மேல் ஒட்டிய தெளிவான பிளாஸ்டிக் மூடி அசையவில்லை. பிளாஸ்திரி பிரியவில்லை. கட்டில் கம்பியில் தொங்கிய மஞ்சள் அட்டையை ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். கடிகாரக்காரரின் நெற்றியில் வளையமாக ஒரு சிவந்த தடம் பதிந்திருந்தது.

மூன்று ஐம்பத்தைந்து. அவர் மனைவியிடம் கேட்டாள்.

"எங்கம்மா போயிருந்தீங்க?"

"தட்டு கழுவப் போனேன். ஏன், என்னாச்சு?"

"பெரிய டாக்டர் இங்க வந்தாரா?"

"எட்டிக்கூடப் பார்க்கல."

கடிகாரக்காரரே வாயைத் திறந்தார். "ஒரு நர்ஸு வந்து குப்புறப் படுக்க வச்சாங்க. நடுவுல ஓட்டை வச்ச தலகாணி குடுத்தாங்க."

போலீசக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர் மல்லாந்துதானே படுக்கச் சொன்னாங்க?"

"ஆமா. நேரத்துக்கு நேரம் மாத்துவீங்களாக்கும்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் முன்னாடி விழித்திரை ஆபரேஷனப்பவும் பத்து நாள் குப்புறத்தானே கெடந்தேன்!"

விழித்திரை கண்ணின் பின்பக்கம் இருப்பது. குப்புறப் படுத்தால்தான் உள்ளே விட்ட காற்று அங்கே போய் முட்டும். கருவிழி முன்பக்கம். மல்லாந்தால்தான் காற்று சவ்வைத் தாங்கும்.

நான்கு மணி பத்து. பகல் ஷிப்ட் நர்ஸைப் பிடித்தாள்.

"யார் சொல்லி அவரைக் கவுத்துப் போட்டே?"

"அட்டையில போட்டிருந்துச்சேக்கா. முந்தின ரெண்டு பேருக்கும் அதேதான் இருந்துச்சு."

மஞ்சள் அட்டையைத் திருப்பினாள். 'குப்புற மட்டும்.' தேதி இரண்டு வருஷம் பழசு. கையெழுத்து அவளுடையது.

பழைய நோயாளி வந்தால் பழைய ஃபைலை எடு, அதிலிருக்கும் அட்டையைக் கட்டிலில் மாட்டு. அந்த வார்டில் அப்படியொரு வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். இன்று காலையும் படிக்காமல் மாட்டியவள் அவளே. மாடி வார்டில் அந்த வழக்கம் கிடையாது. அடிப்பாவி, வேலியே பயிரை மேய்ந்திருக்கிறதே! அட்டையைக் கம்பியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள்.

நான்கு ஐம்பது. பெரிய டாக்டரின் பேனா மூடி திறந்திருந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க டாக்டர். தப்பு மெல்லிசு சவ்வுல இல்ல. மூணு பேரையும் கவுத்தது நான்தான்." அட்டையை மேசைமேல் வைத்தாள்.

அவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். நிமிர்ந்து சின்ன டாக்டரைப் பார்த்தார். "கடிகாரக்காரரை உடனே தியேட்டருக்குக் கொண்டுபோ. மறுபடி காத்து ஏத்து."

ஐந்து நாற்பது. கடிகாரக்காரர் மல்லாந்தபடி திரும்பி வந்தார். சவ்வு ஒட்டியிருக்கிறது, நிற்குமா என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றார் சின்ன டாக்டர். போலீசக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, தலையணையைச் சரிசெய்யக் கையை நீட்டினாள்.

அந்த அம்மா கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நீங்க தொட வேணாம். வேற யாரையாவது வரச் சொல்லுங்க."