ஒன்பது நாற்பதுக்கு ஒரு சிமிட்டல்

அது மனிதன் என்று சொல்ல ஒரு வெள்ளி அரைஞாண் மட்டும்தான் மிச்சமிருந்தது!

கூரம் கிராமம். பம்ப்செட் கொட்டகை. சுவரில் இன்னும் புகை...

உதவி வேளாண்மை அலுவலர் கிருஷ்ணவேணி மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. அரசாங்கம் விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகைக்குப் பதிவைப் புதுப்பிக்க இன்றுதான் கடைசித் தேதி.

"சபாபதி, மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர் ராஜகோபால். "நேத்து ராத்திரியே எரிஞ்சிருக்குது. அரைஞாணைப் பார்த்து சம்சாரம் துர்கா அடையாளம் சொல்லிட்டாங்க. கொன்னது இவன்."

ஜீப்பில் விலங்கோடு மாணிக்கவேல். பக்கத்து நிலத்துக்காரர்.

"வரப்புக்காக சண்டை போட்டது நெஜம்தாம்மா! ஆனா கொளுத்தலம்மா! அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சுக்கினு கொலை பண்ணுவேனா?"

"எல்லாரும் இதையேதான்பா சொல்றீங்க..." ராஜகோபால் கொட்டாவி விட்டார். "மேடம், வரப்புத் தகராறு உங்களுக்கும் தெரியும். ஒரு வாக்குமூலம் குடுங்க. இவனை உள்ள தள்ளிட்டு நானும் வீட்டுக்குப் போறேன்."

"தரேன் சார். முதல்ல இறந்தவங்க லிஸ்ட்ல இவர் பேரைச் சேர்த்துடறேன். இல்லாட்டி எனக்கு மெமோ வரும்."

கைபேசியில் விவசாயிகள் பட்டியலைத் திறந்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சபாபதி...

விரல் நின்றது!

"சார்... இவரோட முகப்பதிவு முடிஞ்சிருக்குது. இன்னிக்குக் காலையில, ஒன்பது நாற்பதுக்கு!"

"யாராச்சும் போட்டோவைக் காட்டியிருப்பாங்க."

"முடியாது சார்." எத்தனை அலுப்பிலும் இதை விளக்குவது அவளுக்குப் பிடிக்கும். "கைரேகை தேஞ்சவங்களுக்காக வந்த முறை இது. கேமரா முகத்தைப் பார்க்கும். கண்ணை சிமிட்டச் சொல்லும். சிமிட்டினாதான் பச்சை டிக். போட்டோ சிமிட்டாது."

"பிணமும் சிமிட்டாது..."

"இன்னொண்ணு. ஆப்புக்குள்ள போக ஓடிபி வேணும். பதிவான நம்பருக்குதான் அது வரும். இவர் பேர்ல இருக்கறது துர்கா நம்பர். காலையில அந்த போனும் இந்த முகமும் ஒரே இடத்துல இருந்திருக்குது சார்!"

ஜீப் சபாபதியின் வீட்டுக்குப் பறந்தது.

கூடத்தில் பாதி நெய்த சேலையோடு தறி. நெய்கிறவர் கால் தொங்கப்போடும் குழியின் மேல் பலகை. பலகை மேல் பாய். பாயில் துர்கா.

"என்னை விட்டுட்டுப் போயிட்டாரே...!"

போலீஸார் பரணில் தேடினார்கள். கொல்லையில் தேடினார்கள். ஒருவரும் இல்லை!

"உங்க மெஷின்தான் தப்பு மேடம்," என்றார் ராஜகோபால்.

வாசலில், ஜீப்புக்குள், மாணிக்கவேலின் தலை தொங்கியது.

கிருஷ்ணவேணி அந்தப் பாயையே பார்த்தாள். பிறகு உரக்கப் பெருமூச்சு விட்டாள்.

"என்னம்மா துர்கா... காலையில போட்ட பதிவு ரிஜெக்ட் ஆயிடுச்சு. கண்ணை சரியா சிமிட்டல போல. இந்தத் தவணை ரெண்டாயிரம் போச்சு!"

துர்காவின் அழுகை சட்டென்று நின்றது.

பாய்க்கு அடியிலிருந்து ஒரு குரல் அலறியது.

"பச்சை டிக் வந்துச்சே மேடம்!"

பலகையைத் தூக்கினார்கள். குழிக்குள் குத்துக்காலிட்டு, வியர்வையில் குளித்து... சபாபதி!

"எரிஞ்சது யாருடா?"

"பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கினு இருந்த ஆளு சார்... பேரு தெரியாது. முப்பது லட்சம் இன்சூரன்ஸ்... கடன் கழுத்தை நெரிச்சுது..."

"முப்பது லட்சத்துக்காக செத்தவன், ரெண்டாயிரத்துக்கு ஏண்டா உயிரோட வந்தே?"

"இன்னிக்குதான் கடைசின்னு மேடம் வாட்ஸ்அப் குரூப்புல போட்டாங்களே சார்..."

மாணிக்கவேலின் கையிலிருந்த விலங்கு சபாபதியின் கைக்கு மாறியது. மாணிக்கவேல் வாசற்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஜீப்பில் ஏறும் முன் சபாபதி திரும்பிப் பார்த்தான்.

"மேடம்... அந்தத் தவணை வந்துடும்ல?"

கிருஷ்ணவேணி கைபேசியை மூடினாள். இன்னும் பதினேழு பேரின் பதிவு பாக்கி.

"டிக் பச்சைதான்பா. விலாசம்தான் மாத்தணும்!"