தளவாயின் அட்டை

செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் கண் விழித்ததும் யாரும் முகம் கழுவுவதில்லை. முதலில் தங்கள் அட்டையை 'விழித்தார்' என்ற கட்டத்துக்கு நகர்த்துவார்கள். நகர்த்தினால்தான் குழாயில் தண்ணீர் வரும். பொது மண்டபத்துச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த பணிப்பலகையில் அங்கிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அட்டை. அட்டை நிற்கும் கட்டத்தைப் பார்த்துத்தான் கதவு திறக்கும், காற்று வரும், தட்டில் சோறு விழும். ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அம்புக்குறி வேண்டும். அம்பு இல்லாத திசையில் அட்டையை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது.

அந்த அம்புகளைப் போடுவதும் அழிப்பதும் சண்முகவடிவின் உத்தியோகம். கெட்டிக்காரி. கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, நானூறு பேரின் பொழுதைக் கையில் வைத்திருப்பவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

போன மாதம் பெண்கள் சிலர் அவளிடம் முறையிட வந்தார்கள். சுரங்க வேலைக்காக வெளியே போகிறவர்களின் அட்டை 'வெளியே போனார்' என்று காட்டியது. ஆறு மணி நேரத்துக்குள் வந்தால் கதவு திறக்கும். தாண்டிவிட்டால் அட்டை 'திரும்பவில்லை' கட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு சோதனைக்குப் பிறகே உள்ளே வரும்.

"போனாருன்னு எழுதலாமாக்கா? போயிட்டு வாரேன்னுதான சொல்லிட்டு எறங்குதோம்? இதுல திரும்பலைன்னு வேற. அபசகுனமால்லா இருக்கு."

நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. முதல் கட்டத்தைப் 'போய்விட்டு வருகிறார்' என்று மாற்றினாள். 'திரும்பவில்லை'யை அடியோடு நீக்கினாள். 'காலமானார்' கட்டத்தை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. அது மரியாதையான சொல்தானே. நீக்கிய கட்டத்தோடு, தாமதமாக வருகிறவரை உள்ளே விடும் ஒரே வழியும் போய்விட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட.

துளைப்பொறியைப் பழுது பார்க்கப் போன அவள் கணவன் தளவாய், ஆறு மணி நேரமும் நான்கு நிமிடமும் கழித்துத் திரும்பி வந்தான். வெளிக்கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கைகளாலும் தட்டினான். சத்தம் உள்ளே வராது. கவசத்துக்குள் வாய் மட்டும் அசைந்தது. அவன் உடையில் இன்னும் பதினோரு நிமிடத்துக்குத்தான் காற்று இருந்தது.

மேற்பார்வையாளர் அருமைநாயகம் கண்ணாடியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, கதவத் தொறங்க!" என்று கத்தினாள் சண்முகவடிவு.

"நான் எப்படிம்மா தொறக்க? வாராருன்னுல்லா போட்டிருக்கு. வந்துட்டாருன்னு போடலையே."

"அந்தா நிக்காரே!"

"நிக்காரு. யாரு இல்லைன்னு சொன்னா? நீ ஒரு அம்பு போடு, உடனே தொறந்துரும்."

புதிய அம்புக்கு மூன்று பேரின் ஒப்புதலும் ஒரு நாள் காத்திருப்பும் வேண்டும். அந்த விதியை எழுதியவளும் அவள்தான். பலகையைத் துழாவினாள். கெடு தாண்டிய அட்டைக்கு ஒரே ஒரு அம்பு மிச்சமிருந்தது. அது 'காலமானார்' கட்டத்துக்குப் போனது. அட்டை அங்கே போய்விட்டால், சடலத்தை உள்ளே எடுக்க வெளிக்கதவு தானாகவே திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தினாள்.

கதவு திறந்தது. தளவாய் உள்ளே வந்து விழுந்து, கவசத்தைக் கழற்றி, மூச்சை இழுத்து இழுத்து விட்டான்.

"நாலு நிமிசம் பிந்துனா கதவ அடைச்சிருவியளோ, வடிவு?"

அவள் அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட அறிந்ததில்லை.

'காலமானார்' கட்டத்திலிருந்து வெளியேற அம்பு இல்லை. இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அட்டைக்கு உரியவரே விண்ணப்பித்தால்தான் புதிய அம்பு போடலாம். தளவாய் விண்ணப்பத்தில் விரலை வைத்தான். பலகைக்கு அவனைத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குத் தட்டு வரவில்லை. துக்க வீடென்று பக்கத்து அறைக்காரி சோறு கொண்டுவந்தாள். தளவாய்தான் அதை வழித்துத் தின்றான். அவன் காதில் விழாதபடி, "மனசத் தேத்திக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வந்த அருமைநாயகம், தளவாயின் கையைப் பிடித்தபடியே சண்முகவடிவிடம், "தங்கமான மனுசன்ம்மா" என்றார். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலையில் அவள் பெயருக்குப் புதிய அட்டை ஒன்று தானாக முளைத்திருந்தது. 'உடல் ஒப்படைப்பு: தளவாய். பொறுப்பு: சண்முகவடிவு. கெடு: இன்று நண்பகல்.'

அழித்துப் பார்த்தாள், முடியவில்லை. அதை நீக்க ஒப்புதல் கேட்டிருந்த மூன்று பேரில் ஒருவரும் பதில் அனுப்பவில்லை. நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது அட்டை மஞ்சளானது. அடுத்து சிவப்பாகும். அவள் பெயரில் சிவப்பு அட்டை ஒருநாளும் நின்றதில்லை. உலகத்தில் எல்லா அலுவலகத்திலும் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வேலையைத் தொடாமலே, கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று, அட்டையை 'நடந்துகொண்டிருக்கிறது' கட்டத்துக்குத் தள்ளிவிட்டாள். அட்டை பச்சையானது. அப்பாடா என்றிருந்தது.

அறைக்கதவு தட்டப்பட்டது. வெள்ளை உடுப்பில் இரண்டு பேர், கையில் ஸ்ட்ரெச்சர். கட்டிலில் படுத்திருந்த தளவாய் யாரென்று எட்டிப் பார்த்தான். வந்தவர்களில் ஒருவன் குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"ஆரம்பிச்சிட்டீங்கன்னு பலகையில வந்துச்சுக்கா. அண்ணன் ரெடியா?"