வாள்வீரனுக்கு என்ன வேலை?

திடீர் மழை… கையில் குடை இல்லை. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை முடிந்து கிளம்பியவள், கண்ணில் பட்ட கடைக்குள் ஓடினாள். விளையாட்டுச் சாமான் கடை. மேசையைச் சுற்றி நான்கு பேர். பகடை, பென்சில், காகிதம்.

"ஒரு ஆள் குறையுது. ஆடுறீங்களா?"

கேட்டவனின் கண்கள்… தூங்காத கண்கள், ஆனாலும் சிரித்தன. லிஃப்ட் மெக்கானிக்காம். அவன் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி பகடை உருட்டும் ஆட்டம். விதிகளும் அவன் எழுதியவைதான். அவளுக்கு வாள்வீரன் வாய்த்தான்.

நாலு பேரோடு உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! கதையில் பன்னிரண்டு ஓநாய்கள் சூழ்ந்தன. ஆசையாக வாளை உருவினாள். அதற்குள் எதிரே மந்திரவாதியாக ஆடியவன் நெருப்பை வீசினான். பன்னிரண்டு ஓநாய்களும் சாம்பல். பூட்டிய கதவா? மந்திரம். ஆறா? அதற்கும் மந்திரம்.

"உங்க முறை," என்றான் மெக்கானிக்.

"நான்… சும்மா நிக்கிறேன்."

வீட்டிலும் அப்படித்தானே. எப்போதாவது வரும் அக்காவைச் சுற்றியே வீடு சுழலும். படுக்கையில் கிடக்கும் அப்பாவைத் தினமும் தூக்கி உட்கார வைப்பவளை யார் பார்த்தார்கள்? பகடையைத் தள்ளி வைத்தாள்.

"என்னங்க ஆட்டம் இது? எல்லாத்தையும் மந்திரவாதியே பண்ணிட்டா, வாள்வீரன் எதுக்கு? அடி வாங்கவா?"

அவன் முகம் சிவந்தது. "மூணு வருஷமா எழுதின விதிங்க. ஒரு மணி நேரம் ஆடிட்டு குறை சொல்றீங்க."

"அந்த மூணு வருஷத்துல ஒரு தடவையாவது வாள்வீரனா ஆடிப் பார்த்தீங்களா?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மழை விடும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே தெரு. கடை வாசலில் அவன்… பார்க்காததுபோல் எதிர்ப்பக்கம் கடந்துவிட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை, குறுக்கே வந்து நின்றான். கையில் ஒரு நோட்டு.

"ஒரு நிமிஷம்… ரூம்ல தனியா உக்காந்து, நானே மந்திரவாதி, நானே வாள்வீரன்னு ஆடிப் பார்த்தேன். வாள்வீரன் பாவங்க."

சிரிப்பு வந்தது, அடக்கினாள். "அதுக்காக மந்திரவாதியை மட்டம் தட்டிட்டீங்களா?"

"இல்லீங்க, நெருப்பு அதே நெருப்புதான். ஆனா மந்திரம் சொல்லி முடிக்க மூணு சுற்று ஆகும். அதுவரைக்கும் வாள்வீரன் எதிரியைத் தடுத்து நிக்கணும். அவன் விலகினா மந்திரம் பலிக்காது. ஆடிப் பார்க்கலாமா?"

மேசையில் வேறு யாரும் இல்லை. அவன் மந்திரவாதி, அவள் வாள்வீரன். குறுகலான பாலம், எதிரே ஓர் அரக்கன். ஒரு சுற்று, இரண்டு… வாள்வீரனுக்கு உடம்பெல்லாம் காயம். மூன்றாவதில் அவள் பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதி உருட்டினாள். தப்பித்தாள்! நெருப்பு பாய்ந்தது, அரக்கன் விழுந்தான்.

"நீங்க இல்லேன்னா நான் காலிங்க," என்றான்.

இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை. கண்கள் நிறைந்தன.

"அய்யோ… என்னாச்சு? விதி சரியில்லையா?"

"விதி நல்லாயிருக்கு." குனிந்தபடியே சொன்னாள். "என் பஸ் ஸ்டாப் இந்தப் பக்கமே இல்லைங்க. ரெண்டு வாரமா சுத்திக்கிட்டு வர்றேன்… உங்களைப் பார்க்கத்தான்."

அவன் நோட்டை மூடினான்.

"நானும் ரெண்டு வாரமா ஆட்டம் நடத்தலைங்க," என்றான் மெல்ல. "வாசல்லயேதான் நின்னேன்."