மேல்தட்டில் இருந்த கூடை

தோவான் லாம் யார் வீட்டு வாசலிலும் உதவி கேட்டு நின்றவர் அல்ல. அன்று காலை ஹியென் அம்மாவின் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத அந்த மனிதரின் கையில், சேறு சொட்டும் ஒரு சாக்கு.

"உள்ள கொண்டு வராதீங்கண்ணே," என்றார் ஹியென் அம்மா, நாற்காலியை விட்டு எழாமலே. "அந்த மாமரத்தடியில வச்சிட்டு, சோப்புப் போட்டு நல்லா கையக் கழுவிட்டு வாங்க."

தன்னைவிட இளையவள், அதுவும் ஒரு பெண், ஏவுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கழுவினார். மாவட்ட விசாரணை அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஹியென் அம்மா. பின் துவான் மாகாணத்தின் அந்தப் பகுதியில் ஒரு வழக்கு காவல் நிலையத்துக்குப் போகாமலே தீர வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள்.

அவருடைய தம்பி சாங், வாசலிலேயே காப்பிக் கடை வைத்திருப்பவன், ஐஸ் போட்ட காப்பியோடு வந்து கூப்பிடாமலே உட்கார்ந்தான். "ஊர் பூரா இதே பேச்சுதான் பெரியவரே. நானே உங்களத் தேடி வரலாம்னு இருந்தேன்."

லாம் அவன் பக்கம் திரும்பவில்லை. "நேத்து பொதுக்குளத்தத் தூர் வார பொக்லைன் வந்துச்சு. மதகுகிட்டத் தோண்டுனப்போ இந்தச் சாக்கு கிழிஞ்சு மேல வந்துது. உள்ள பூரா உடைஞ்ச பல்பு. கூடவே இது." சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அடர்ந்த பச்சை. "எங்க வீட்டு நிறம்."

அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. டிராகன் பழம் பயிரிடும் அந்த ஊரில், பருவம் தப்பிய மாதங்களில் கல்தூண்களுக்கு இடையே இரவெல்லாம் சுருள் பல்புகள் எரியும். வெளிச்சம் நீண்டால்தான் டிராகன் பழக் கள்ளி பூக்கும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களின் வயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு நிறத் துணியை ஹோல்டருக்கு மேலே வயரில் கட்டும். பச்சை என்றால் லாம் வீடு.

அணைந்துபோன பல்பில் பாதரசம் இருக்கிறது. அதனால் ஊரே கூடி ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. குடும்பங்கள் பல்பை உடையாமல் கழற்றி விவசாயிகள் சங்கத்தின் கொட்டகையில் சேர்க்க வேண்டும். சங்கத் தலைவி ஹோவா அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பல்பு விற்கும் கியெட், பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைக்குத் தன் லாரியில் அனுப்ப வேண்டும்.

"இன்னிக்கு சாயங்காலம் கூட்டம். மதகுக் கல்லுல எங்கப்பா பேரு இருக்கு. அந்தக் குளத்துக்கு முதல் மண்ண வெட்டி எடுத்தவரு அவரு. குளத்துல விஷத்தப் போட்ட குடும்பத்துக்கு அங்க பேரு எதுக்குன்னு கேக்குறாங்க. செதுக்கி எடுத்துடுவாங்களாம்." லாம் காப்பியைத் தள்ளி வைத்தார். "என் வீட்ல யாரும் செய்யல. அத நீ சொல்லணும்."

"செஞ்சிருந்தா, அதையும் நான்தான் சொல்லுவேன்," என்றார் ஹியென் அம்மா.

லாம் அதற்கும் தலையசைத்தார். "சொல்லு," என்றார்.

ஹியென் அம்மா கையுறை போட்டுக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார். சாக்கைக் குச்சியால் விரித்தார். சாக்குக்குள் கனத்த பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொன்று. இரண்டின் வாயும் டேப்பால் சுற்றி ஒட்டப்பட்டு, நடுவில் இயந்திரத்தின் பல் பட்டுக் கிழிந்திருந்தன. உள்ளே கண்ணாடிச் சில்லுகளும், சில்லுகள் ஒட்டிக் காய்ந்து சுருண்ட செய்தித்தாளும்.

"சாங், என்ன தெரியுது?"

"குயென் வேலைதான்க்கா! பக்கத்துத் தோட்டக்காரன். வயர் தகராறுல இவர்கூடப் பேச்சே கிடையாது. பச்சைத் துணிய அறுத்து உள்ள போட்டுட்டான்."

"தோட்டத்தப் பாப்போம்," என்று கிளம்பினார் ஹியென் அம்மா.

செம்மண் வரப்பில் லாம் முன்னால் நடந்தார். ஹியென் அம்மா ஒவ்வொரு தூணுக்கும் நின்று நின்று அண்ணாந்து பார்த்தார். வயர்களில் துணிகள் காற்றில் ஆடின. வெயிலில் வெளுத்து, பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்திருந்தன.

"எப்ப கட்டுனதுண்ணே?"

"புது வருசத்துக்கு எல்லாத்தையும் மாத்துவோம். இந்த வெயிலுக்கு நிறம் ரெண்டு மாசம்கூடத் தாங்காது."

"பல்பு போச்சுன்னா?"

"பல்ப மட்டும் திருகி எடுப்போம். துணி வயரோட. அத எதுக்குத் தொடணும்?"

வேலிக்கு அந்தப் பக்கம் குயென் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான். "என்ன பெரியவரே, குளம் பத்தலயா? மிச்சத்த என் தோட்டத்துல புதைக்க இடம் பாக்குறீங்களா?"

லாம் வேலியை நோக்கி ஓரடி வைத்தார். ஹியென் அம்மா முந்திக்கொண்டார். "குயென், உனக்கு இவர் மேல ஆத்திரம். இவர அசிங்கப்படுத்த ஒரு பல்பு மூட்டை கெடச்சா என்ன பண்ணுவ?"

"சங்க வாசல்லயே கொட்டுவேன், ஊர் பாக்க! எனக்கென்ன பயம்?"

"அதான் கேட்டேன்," என்று ஹியென் அம்மா நடையைத் தொடர்ந்தார். சாங் ஏமாற்றத்தோடு பின்னால் போனான்.

சங்கத்தின் கொட்டகை குளக்கரையிலேயே இருந்தது. தலைவி ஹோவா சாவியோடு வந்து கதவைத் திறந்தாள். அறுபது வயது, நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பவள். அன்று மெதுவாக நடந்தாள். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். மூங்கில் தட்டுகளில் குடும்பத்துக்கு ஒரு கூடை. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் அந்தந்த வீட்டுத் துணி. மஞ்சள், சிவப்பு, ஊதா. வெயில் படாததால் எல்லாம் நேற்று வாங்கியவை போல் பளிச்சென்று இருந்தன.

"எங்க கூடை மேல்தட்டுல," என்றார் லாம். இவ்வளவு நடந்த பிறகும் அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "ஆரம்பத்துலருந்தே அங்கதான். அப்பாவுக்குக் குடுத்த மரியாதை."

எல்லாவற்றுக்கும் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், தனியாக ஒரு கூடை. அதன் கைப்பிடியில் துணி இல்லை. பச்சை நைலான் கயிறு கட்டியிருந்தது. தட்டின் பழுத்த மூங்கில்களுக்கு நடுவே ஒன்று மட்டும் புதுசு. அதில் ஆணித்தலைகள் மினுங்கின.

"இதுல சிக்கல் என்னன்னா," என்று யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள் ஹோவா, "கியெட் முழுப் பல்பு மட்டும்தான் எடுத்துக்குவான். உடைஞ்சத ஆலை வாங்காதுன்னு எழுதியே ஒட்டிட்டான்."

கதவருகே அந்த அறிவிப்பு. அதற்குக் கீழே இன்னொரு தாள்: பல்பு உடைந்தால் கதவைத் திறந்து வை, துடைப்பத்தால் பெருக்காதே, நனைத்த காகிதத்தால் ஒற்றி எடு, இரண்டு பைகளில் போட்டு வாயை ஒட்டு.

ஹியென் அம்மா அதை நிதானமாகப் படித்தார். பிறகு ஹோவாவின் முகத்தைப் பார்த்தார். ஹோவா வெளியே, நீர் வற்றிய குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கொட்டகை வாசலில் ஊர் கூடியது. லாம் முன்வரிசையில், நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்கார்ந்தார். அங்கிருந்து மதகுக் கல் தெரிந்தது.

ஹியென் அம்மா பச்சைத் துணியை உயர்த்திக் காட்டினார். "இது லாம் அண்ணன் வீட்டுத் துணிதான்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. "நாங்க சொல்லல?" என்றான் குயென்.

"ஆனா இது தோட்டத்துலருந்து வரல. அங்க இருக்கறது எல்லாம் வெளுத்துப்போச்சு. இது வெயிலே பாக்காத துணி. வெயில் படாத இடத்துல அந்த வீட்டுத் துணி இருந்தது ஒரே ஒரு எடத்துல. இந்தக் கொட்டகையில, அவங்க கூடையில. இப்ப அந்தக் கூடையில நைலான் கயிறு இருக்கு. அப்படின்னா இந்தப் பல்புங்கள லாம் வீடு ஒப்பந்தப்படி கொண்டாந்து சேத்துடுச்சு. அதுக்கப்புறம்தான் இது குளத்துக்குப் போச்சு."

லாம் மதகுக் கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப கொட்டகையிலருந்து யாரோ திருடி..." என்று எழுந்தான் சாங்.

"உக்காருடா. திருடறவன் டேப் ஒட்டுவானா? ரெண்டு பை, ரெண்டு வாயும் ஒட்டி, சில்லெல்லாம் ஈரப் பேப்பரால ஒத்தி எடுத்திருக்கு. அந்தச் சொவத்துல இருக்கறத வரிக்கு வரி செஞ்ச ஆளு. ஆத்திரக்காரன் இவ்ளோ பக்குவமா செய்யமாட்டான். ஆழமா புதைக்கவும் மாட்டான். குயென் சொன்ன மாதிரி, ஊர் பாக்கக் கொட்டுவான்."

"அப்ப நானா?" கியெட் தன் லாரியில் சாய்ந்தபடி கேட்டான்.

"லாரி வச்சிருக்கறவன் கொட்டகைக்கு எதிர்லயே எதுக்குப்பா குழி தோண்டணும்? இது நடந்து போனவங்க வேலை. சாவி வச்சிருந்தவங்க வேலை."

யாரும் ஹோவாவைப் பார்க்கத் துணியவில்லை. அவளே எழுந்தாள்.

"போன மழைக்காலத்துக்கு முன்னால அடிச்ச சூறாவளியில மேல்தட்டு மூங்கில் முறிஞ்சுது," என்றாள். "காலையில வந்து கதவத் திறந்தா, அவ்ளோ உயரத்துலருந்து விழுந்து, ஒண்ணுகூட மிச்சமில்ல. பத்திரமா வச்சிருப்பேன்னு ஊருக்கே வாக்குக் குடுத்தவ நான். கியெட் எடுக்கமாட்டான். திருப்பித் தந்தா லாம் அண்ணன் என்னச் சும்மா விடுவாரா? யார் தோட்டத்துலயும் புதைக்க மனசு வரல, கஷ்டப்படுற சனங்க. அப்பவும் குளத்துல தண்ணி இல்ல. யாருக்கும் சொந்தமில்லாத இடம்னு தோணுச்சு. துணி உள்ள போனதக்கூட நான் பாக்கல. நேத்தே சொல்லியிருக்கணும். வாய் வரல."

"எல்லாருக்கும் சொந்தமான இடத்தப் போய்..." என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். "பதவிய விட்டு எறங்கச் சொல்லு!" என்றது இன்னொரு குரல். "அந்தக் குடும்பத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லு!"

எல்லா முகங்களும் லாமை நோக்கித் திரும்பின. அவர் பெயர் துலங்கிவிட்டது. இனி அவர் என்ன கேட்டாலும் நடக்கும்.

லாம் ஹியென் அம்மாவைப் பார்த்தார். அவர் திறந்திருந்த கதவு வழியே மேல்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இன்னும் சொல்லி முடிக்காத ஒன்று இருப்பதை லாம் புரிந்துகொண்டார். அந்தச் சூறாவளியில் கீழ்த்தட்டுக் கூடைகளில் ஒரு பல்புகூட உடையவில்லை.

"ஹோவா," என்றார். "கூடையக் கீழ வைக்கட்டுமான்னு நீ என்னக் கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே." அவள் தலை நிமிரவில்லை. "ரெண்டு தடவ கேட்டேன்."

"ரெண்டு தடவையும் உன்னத் திட்டுனேன்."

அவர் எழுந்து கொட்டகைக்குள் போனார். உதவிக்கு ஓடிய சாங்கைக் கையசைத்து நிறுத்தினார். ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்த கூடையை நெஞ்சோடு அணைத்து மெல்ல இறக்கினார். கதவோரம், தரையில், எல்லாக் கூடைகளுக்கும் கீழே வைத்தார்.

"இனிமே இங்கதான்," என்றார். பிறகு கியெட்டைப் பார்த்தார். "எங்களுக்குப் பல்பு விக்கிறவன் நீ. உடைஞ்சதுக்கும் வழி பண்ண வேண்டியவன் நீதான். மூடி போட்ட பீப்பாயோட வா."

கியெட் எதிர்பேச்சுப் பேச வாயெடுத்து, ஊரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "ஆலையில கேட்டு ஏற்பாடு பண்றேன் பெரியவரே."

ஹோவாவைப் பதவியிலிருந்து இறக்கும் பேச்சு அதற்குமேல் எழவில்லை. கல்லைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை, மதகோரம் சிதறிக் கிடந்த சில்லுகளை எடுக்க ஹோவா கையுறையும் முகமூடியுமாக வந்தாள். லாம் அவளுக்கு முன்பே வந்திருந்தார். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டையோடு சேற்றில் குந்தி உட்கார்ந்து, தன் அப்பாவின் பெயர் செதுக்கிய கல்லுக்குக் கீழே, ஈரக் காகிதத்தால் கண்ணாடியை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு வளைந்திருந்தது. ஹோவா பையின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.