ஈரமில்லாத துணி

இப்ராஹிம் அச்சு இயந்திரத்தின் காலடியில் குப்புறக் கிடந்தார். முகமூடி ஒரு காதில் தொங்கியது. மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.

காலை பத்தரை. முதலில் பார்த்தவள் ஸ்டோரைக் கவனிக்கும் ரமணி. அவள் போட்ட அலறலில் பீச் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னாலிருந்த அந்த அச்சகமே திடுக்கிட்டது. முன்னறையில் முதலாளி ஷேக் அலாவுதீனோடு பேசிக்கொண்டிருந்த மிதுஷாதான் ஓடிப்போய் இப்ராஹிமைத் திருப்பிப் படுக்கவைத்தாள். சுற்றுச்சூழலைக் கெடுக்காத அச்சகங்களைச் சோதித்துச் சான்றிதழ் தருவது அவள் வேலை. அன்று அதற்காகத்தான் வந்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் போனது. கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மையைக் கரைக்கும் தின்னர் போன்ற ஏதோ ஒன்றின் ஆவியை நெடுநேரம் சுவாசித்திருக்கிறார். இன்னும் நினைவு திரும்பவில்லை.

"தின்னரா? என் கடையிலயா?" ஷேக் அலாவுதீன் எழுந்தே விட்டார். "ரெண்டு வருஷமா ஒரு சொட்டு உள்ள வரலலா. சோயா மை, மறுசுழற்சித் தாளு. மெஷின் கழுவறதுகூடத் தாவர எண்ணெய்தான். வாடையே இல்லன்னுதானே எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழட்டினேன்!" சட்டென்று ரமணி பக்கம் திரும்பினார். "ஸ்டோர் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"கஜன் அண்ணன்கிட்டயும் ஒன்னு இருக்கு முதலாளி," என்றாள் ரமணி.

கஜன் அச்சகத்தின் மேனேஜர். சுறுசுறுப்பானவன். "நான் காலையில வந்ததுலேர்ந்து மாடிய விட்டு எறங்கவே இல்ல. சாயங்காலம் ஹோட்டல் புரோஷர் போயாகணும். இன்னும் பசியாறக்கூட இல்ல. மேடத்துக்கு சாம்பிள் குடுக்க வந்தேன், அப்பதான் ரமணி கத்துச்சு."

சாம்பிள் கொடுத்தது உண்மைதான். அலறலுக்குச் சற்று முன்னால்தான் அவன் மாடியிலிருந்து வந்து மிதுஷாவிடம் ஒரு மாதிரித் தாளைக் கொடுத்திருந்தான். சாணித்தாள் நிறத்தில், அச்சேறாத வெறுந்தாள். ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய் ஊறி, வெளிச்சம் மறுபுறம் தெரிந்தது. மிதுஷா அதை மடிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள போய்ப் பாக்கலாம், பாய்," என்றாள்.

அச்சறையில் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்க ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அதன் பக்கத்தில் மாடிக்குப் போகும் பின்படி.

"ரமணி, ஜன்னலை நீங்களா திறந்தீங்க?"

"இல்லக்கா. நான் வர்றப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

இயந்திரத்தின் மேல் மை படிந்த துணி கிடந்தது. மிதுஷா கையுறை மாட்டி அதை எடுத்தாள். அப்பளம்போல் மொறமொறவென்று இருந்தது. பக்கத்தில் பச்சை லேபிள் ஒட்டிய கேன். மூடியைத் திருகினாள். கழுத்துவரை தாவர எண்ணெய்.

"இப்ராஹிம் இன்னிக்கு மெஷின் கழுவினாரா?"

"ரெண்டு தரம், அக்கா. பாவம், சளியோட. மூக்கு அடைச்சிருக்கு, ஒன்னும் மணக்கலன்னாரு."

"கழுவின பிறகும் கேன் நிறைஞ்சே இருக்கே?"

"புதுசு எடுத்திருப்பாருலா," என்றான் கஜன்.

"அப்ப காலி கேன் எங்க?"

ரமணி முந்திக்கொண்டாள். "காலிய வீச மாட்டோம்க்கா. சப்ளையருக்குத் திருப்பி அனுப்பணும். இன்னிக்கு ஒன்னும் வரல."

மிதுஷா துணியை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு இனி சந்தேகமில்லை.

"பாய், உங்க எண்ணெய் காத்துல பறக்காது. துடைச்ச துணி நாளைக்கும் பிசுபிசுன்னுதான் இருக்கும். இது காஞ்சு கிடக்கு. இப்ராஹிம் கழுவினது தின்னர்ல. யாரோ பச்சை லேபிள் கேன்ல அதை ஊத்தி வெச்சிருக்காங்க. மூக்கடைப்புல அவருக்குத் தெரியல. அவர் விழுந்த பிறகு அதே ஆளு உள்ள வந்திருக்காரு. வாடை போக ஜன்னலைத் திறந்து, தின்னர் கேனை எடுத்துட்டு, ஸ்டோர்லேர்ந்து நல்ல கேன் கொண்டாந்து வெச்சிருக்காரு. எல்லாத்தையும் மாத்தினவரு துணிய மறந்துட்டாரு."

"யாரு?"

அவள் கோப்பிலிருந்து தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணெய்க் கறை கண்ணாடிபோல் மின்னியது.

"மாடிய விட்டு எறங்காத, பசியாறாத மனுஷன் கையில ஏது எண்ணெய், கஜன்?"

"தலைக்கு… தலைக்கு வெச்சது."

"சரி. வெளிய நிக்கிற உங்க காடிச் சாவியக் குடுங்க. பின்பக்கத்தைத் திறந்து பாப்போம், தின்னர் கேன் இருக்கான்னு."

கஜனின் கை பாக்கெட் வரை போய் நின்றுவிட்டது.

"எண்ணெயில கழுவினா ரெண்டு தரம் துடைக்கணும் முதலாளி. நேரம் போவுது. ஹோட்டல் வேலைய விட்டுட்டா நீங்க என்ன சும்மா விடுவீங்களா? இந்த ஒரு நாளைக்குத்தானேன்னு…"

"அது சரி," என்றாள் மிதுஷா. "அவர் விழுந்து கிடந்ததப் பாத்தீங்களே. முதல்ல எதைத் தூக்கினீங்க? மனுஷனையா, கேனையா?"

அவன் தலை கவிழ்ந்தது. "ஜன்னலைத் திறந்தா எந்திரிச்சிடுவாருன்னு நெனச்சேன்."

ஷேக் அலாவுதீன் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. ரமணியிடம் போய், "மன்னிச்சிரும்மா," என்றார். பிறகு ஹோட்டலுக்கு அழைத்து இன்று புரோஷர் வராது என்றார். அடுத்து போலீசை அழைத்தார். சான்றிதழைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

"ஃபேனை மாட்டுங்க பாய். எல்லாம் சரியானதும் கூப்பிடுங்க, மறுபடி வர்றேன்," என்றாள் மிதுஷா.

ரமணியின் போன் ஒலித்தது. கேட்டுக்கொண்டிருந்தவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"கண்ணு முழிச்சிட்டாராம்!"

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" கஜன் மெல்லக் கேட்டான்.

"சொன்னாராம். கஜன் தம்பி பாவம், ஹோட்டல் வேலை முடிஞ்சிருச்சான்னு கேட்டாராம்."

கஜன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.