பெரணிக்குப் பிணை நின்றவன்

காலையில் வால்வைத் திறப்பதற்கு முன்னால் மனிதர்களை அளக்க வேண்டும். அதுதான் என் வேலை. ஒவ்வொரு வாசலிலும் நின்று கையை நீட்டச் சொல்வேன். மணிக்கட்டில் கிடக்கும் நீர்வளையின் மேல் என் அளவியை வைத்தால், அந்த உடம்பில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று நிறத்தில் காட்டும். பச்சை என்றால் வழக்கமான பங்கு. மஞ்சள் என்றால் ஒரு டம்ளர் கூடுதல். சிவப்பு என்றால் அளவியே நீர்ப்பங்கு ஆணையத்துக்குச் செய்தி அனுப்பிவிடும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கொடுக்கிறவனையும் வாங்குகிறவனையும் நம்பி இந்த வேலை பார்க்க முடியாது. நான் இரண்டு பேரையும் நம்புவதில்லை.

மலையில் மேகம் இறங்குவது நின்றுபோன பிறகு வந்த ஏற்பாடு இது. பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரே தொட்டியில் இருந்து தலைக்கு இவ்வளவு என்று குழாயில் வரும். அரிசிக்கு, காய்க்கு, மாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு. காட்டுச் செடிக்குக் கிடையாது. அதற்கும் வேண்டும் என்று வருடக்கணக்காக ஆணையத்தோடு மல்லுக்கு நின்றது டாக்டர் செலஸ்தினா. கடைசியில் ஆணையம் ஒரு பதில் சொன்னது: வேண்டுமானால் உன் பங்கில் இருந்து கொடு. அதையே சட்டமாக்கி, உயிர்ப்பிணை என்று பெயரும் வைத்தார்கள். ஓர் ஆள் ஒரு செடிக்குப் பிணை நிற்கலாம். ஒன்றுக்கு மேல் கூடாது.

செலஸ்தினா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. செடி படித்த டாக்டர். தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்றில் பிறந்து, பெரணி தேடி இந்த மலைக்கு வந்து, கல்யாணம் காட்சி என்று எதையும் யோசிக்காமல் இங்கேயே தங்கிவிட்டார். சோலைகள் காயக் காய, ஓடை ஓடையாக இறங்கி, சாகக் கிடந்த பெரணிகளைப் பாறையோடு பெயர்த்து வந்து முற்றத்தில் வைத்தார். சட்டம் வந்த அன்று அத்தனையிலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. மற்றவை அவர் கண் முன்னாலேயே காய்ந்தன. ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அந்த முற்றத்தில் அவர் நடந்ததை நான் குழாயடியில் இருந்து பார்த்தேன். பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

அவர் வைத்துக்கொண்டது படலப் பெரணி. இலை என்றால் இலை இல்லை, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி ஒரு படலம். அதற்கு மேல்தோலே கிடையாதாம். வேர் பெயருக்குத்தானாம், இலை முழுக்கத்தான் தண்ணீர் குடிக்குமாம். ஒரு மணி நேரம் காற்று உலர்ந்தால் போதும், போய்விடும். அதற்காகப் பழைய அருவிப் பாறையை அணைத்துக் கண்ணாடியில் ஒரு பனியறை கட்டி, தன் பங்கில் பாதியை நீர்ப்புகையாக உள்ளே விட்டார்.

ஒரு நாள் காலையில் அளக்கப் போனபோது அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சால்வைக்குள் இருந்து கையை நீட்டினார். அதற்கு முன்தினமும் அப்படித்தான். குளிர் என்று சொன்னார். எனக்கு உறுத்தியது. ஒரே பங்கில் ஒரு மனுஷியும் ஒரு செடியும் இத்தனை காலம் ஓட்ட முடியாது, எங்கோ குழாயில் துளை போட்டுத் திருடுகிறார் என்பது என் கணக்கு. சால்வையை விலக்கச் சொன்னேன்.

“இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க அண்ணாச்சி,” என்றார். குரல் ஓலையை உரசுவது மாதிரி இருந்தது.

விடவில்லை. சால்வையைப் பிடித்து இழுத்தேன். வளையின் மேல் துணி சுற்றியிருந்தது. அதையும் உருவி, அளவியை வைத்துவிட்டேன். சிவப்பு.

அவர் திருடவில்லை. தனக்கு வைத்த பாதியிலும் பாதியைப் பெரணிக்கே விட்டிருக்கிறார். கை குச்சியாக இருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடத்திலேயே நின்றது. அளவி கீச்சிட்டுத் தன் செய்தியை அனுப்பி முடித்தது.

“போச்சு,” என்றார். “ஒங்க சந்தேகம் அதக் கொன்னுட்டு.”

பிணையாள் சிவப்பானால் பிணை ரத்து. செடியின் வால்வை மூடி, ஆளுக்கு முழுப் பங்கையும் திருப்பிவிட வேண்டும். மூடுகிற கை என்னுடையது. நான் மூடாவிட்டால் வேறொருவன் வந்து மூடுவான், என் வேலையும் போகும்.

மத்தியானத்துக்குள் ஆணையத்தின் பறக்கும் வண்டி வந்து இறங்கியது. இன்ஸ்பெக்டர் அப்சல் நல்ல மாதிரியான ஆள், அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது. செலஸ்தினா அதற்குள் பனியறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத் தெம்பு இல்லை. அப்சல் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. அதை உள்ளே தெளிக்கச் சொன்னார்.

“மனுசனத்தான் சட்டம் மொதல்ல பாக்கும், மேடம். நீங்க குடிக்கணும்.”

“நான் செத்தா பூமியில மனுசங்க கொறஞ்சிட மாட்டாங்க தம்பி. இது செத்தா இதோட முடிஞ்சுது.”

அப்சல் என்னைப் பார்த்து வால்வை மூடச் சொன்னார். ஒரு பேச்சுக்காகக் கேட்டேன், அந்த அம்மா குடிக்காவிட்டால் மிச்சமாகிற தண்ணீர் எங்கே போகும் என்று. பொதுத் தொட்டிக்கு என்றார். அந்தக் குழாயைப் பதித்தவன் நான். பொதுத் தொட்டிக்கு முன்னால் ஒரு கிளை பிரிந்து ஆணையத்தின் விருந்தினர் மாளிகைப் புல்வெளிக்குப் போகிறது. அதைச் சொன்னேன். அப்சல் மறுபடியும் வால்வைத்தான் காட்டினார்.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. புல்லுக்குப் போகிற தண்ணீர் மேல் கொஞ்சம். குடிக்காமல் அடம்பிடிக்கிற அந்த அம்மா மேல் நிறைய. ஒரு சாப்பாட்டுக்கும் ஆகாத இலைக்காக ஒரு மனுஷி என் கண் முன்னால் வற்றுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“வேற ஆளு பிணை நின்னா மூட வேண்டாம்ல?”

“நின்னா வேண்டாம். யாரு நிக்கப்போறா?”

“நான்தான்.”

செலஸ்தினா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நன்றியோடு இல்லை. பயத்தோடு.

“இவருக்கு அதக் கண்டாலே ஆகாது,” என்று அப்சலிடம் சொன்னார். “நம்பாதீங்க. ரெண்டு நாள்ல விட்டுருவாரு.”

பிணை ஏற்பதற்கு ஒரு முறை உண்டு. ஆள் ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியை அதிகாரி முன்னால் குடித்து, மீதியைச் செடியின் வேரில் ஊற்ற வேண்டும். அப்சல் தன் சாவியால் பனியறையைத் திறந்தார். இத்தனை வருடத்தில் அன்றுதான் நான் உள்ளே போனேன். வெள்ளைப் புகை. பாறை முழுக்க ஈரப் பச்சை. வெளிச்சம் இலைகளுக்கு உள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்தது. பாதியைக் குடித்துவிட்டு டம்ளரைச் சாய்த்தேன்.

வெளியே இருந்து செலஸ்தினா கத்தினார். “ஊத்தாதீங்க. கிழிஞ்சுரும். வெரல நனைச்சுத் தெளிங்க. தூர நின்னு தெளிங்க.”

நான் மாட்டுக்கு மருந்து புகட்டியவன், குழாய்க்கு மரை திருகியவன். ஒரு படலத்துக்குத் தண்ணீர் தெளிக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன். டம்ளர் காலியாயிற்று. பிறகுதான் செலஸ்தினா அப்சலின் புட்டியை வாங்கிக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வர அப்புறமும் கொஞ்ச நேரம் ஆனது.

கிளம்பும்போது அப்சல் கதவின் நினைவகத்தை மாற்றினார். தண்ணீர்த் திருட்டுக்குப் பயந்து போட்ட விதி, எல்லாப் பனியறைக்கும் ஒன்றுதான். பிணையாளின் வளைக்கு மட்டுமே கதவு திறக்கும். உடன் ஒருவரைக் கூட்டிப்போனால் பூட்டிக்கொள்ளும். படம் எடுக்கும் கருவியும் கூடாது. புகையில் கண்ணாடி எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும், வெளியே இருந்து எதுவும் தெரியாது.

“இனிமே மேடம் உள்ள போக முடியாது,” என்றார் என்னிடம் மெதுவாக. நான் அதை யோசித்திருக்கவில்லை. செலஸ்தினா யோசித்திருந்தார். பயந்து பார்த்த அந்தப் பார்வை அதற்குத்தான்.

இப்போது எனக்கு நாள் முழுக்க நாக்கு ஒட்டுகிறது. அவருக்குக் கன்னம் நிரம்பிவிட்டது, நடை வந்துவிட்டது. விடிந்ததும் என் வேலை முடிவதற்கு முன்னாலேயே பனியறை வாசலில் வந்து நிற்கிறார். நான் உள்ளே போய்விட்டு வெளியே வந்ததும் விசாரணை தொடங்கும். சுருள் விரிந்ததா, நடு நரம்பு கருத்திருக்கிறதா, ஓரத்தில் விதைத்தூள் கிண்ணம் தெரிகிறதா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஆத்திரம் வருகிறது அவருக்கு. நன்றாக என்றால் என்ன என்கிறார். ஒரு நாள் மண்ணில் குச்சியால் இலையை வரைந்து, இதைப் போலவா, அதைப் போலவா என்று கேட்டார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. பொய் சொல்லிப் பார்த்தேன். உடனே பிடித்துவிட்டார். அதிலிருந்து என்னை அவர் எதற்கும் நம்புவதில்லை.

நேற்று ஓர் இலையின் ஓரத்தில் பழுப்பைப் பார்த்தேன். மறைக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

“எந்த எல?”

“தெரியலம்மா. எல்லாம் ஒண்ணு மாதிரிதான இருக்கு.”

அவர் அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. என்னைத் தாண்டிப் போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தார். கதவு திறக்கவில்லை. அவர் கையை எடுக்கவில்லை. தோல் மினுங்கும், சதை பிடித்த, நல்ல ஆரோக்கியமான கை.